போனில் ‘சரி’ கொடுத்தது நான்தான். அப்படியென்றால் தவறும் என்னுடையதா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், பள்ளி நாட்களிலிருந்தே கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுபவர். மூன்று வருடமாக ஒரே அணியில் சேர்ந்து ஆடும் நண்பரிடமிருந்து ஒரு நாள் இரவு டிஸ்கார்ட் என்ற உரையாடல் ஆப்பில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. ‘ஹே ப்ரோ’ என்று தொடங்கி, எங்கள் அணி தகுதிச் சுற்றில் இருக்கிறது, ஒரு ஓட்டு போடு, பத்து நிமிடத்தில் முடியப்போகிறது என்று ஒரு லிங்க். திறந்தால் போட்டிக்கான பக்கம். ‘ஸ்டீம் மூலம் உள்ளே வா’ என்ற பொத்தானை அழுத்தியதும் சின்ன ஜன்னல் ஒன்று வந்திருக்கிறது. அதன் மேல்பட்டையில் முகவரியைப் படித்துப் பார்த்திருக்கிறார்; ஸ்டீமின் சரியான முகவரிதான், பக்கத்தில் பூட்டுப் படமும் இருந்தது. பெயர், கடவுச்சொல், போன் ஆப்பில் வந்த ஐந்தெழுத்துக் கோடு (ரகசியக் குறியீடு) எல்லாம் கொடுத்தார். போனில் மேலும் ஓர் அனுமதி கேட்டது. லாகினுக்குத்தான் என்று நினைத்து அதற்கும் ‘சரி’ கொடுத்தார். பக்கம் ‘பிழை, பிறகு முயலவும்’ என்றது. மூடிவிட்டுத் தூங்கிவிட்டார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் தன்னிடம் இருந்த, காசு கொடுத்து வாங்கிய கத்தி ஸ்கின்னை (விளையாட்டில் ஆயுதத்துக்கான அலங்காரத் தோற்றம்) இன்னொரு நண்பருக்கு ட்ரேட் செய்தார், அதாவது ஸ்டீம் மூலம் கைமாற்றினார். போனில் அதே நண்பரின் பெயரும் படமும் தெரிந்தன, உறுதி செய்தார். நண்பருக்குக் கத்தி போய்ச் சேரவேயில்லை. அதே பெயரும் படமும் வைத்திருந்த வேறொரு கணக்குக்குப் போயிருந்தது. பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினார். லிங்க் அனுப்பிய நண்பரைத் திட்டித் தீர்த்தார். “என் அக்கவுன்ட்டே ஒரு வாரமா என்கிட்ட இல்லடா” என்று அவர் சொன்னதை இவர் நம்பவில்லை.

மறுநாள், ‘கணக்கு மீட்பு நிபுணர்’ என்று ஒருவர் தாமாகவே செய்தி அனுப்புகிறார். கிஃப்ட் கார்டு ஒன்றின் எண்ணைக் கட்டணமாகக் கொடுத்தால் கத்தியை எடுத்துத் தருவேன் என்கிறார். கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் தான் அனுப்பும் வரியை ஒட்டச் சொல்கிறார். நம் மாணவர் இன்னும் ஒட்டவில்லை. கணக்கில் அக்காவின் வங்கி அட்டை சேமிக்கப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு எதுவும் தெரியாது. மின்னஞ்சலுக்கும் இதே கடவுச்சொல்தான்.

அவர் கேட்பது இவ்வளவு. நிபுணருக்குக் கொடுக்கலாமா? ஸ்டீம் பொருளைத் திருப்பித் தராது என்கிறார்களே, உண்மையா? கத்தி வாங்கிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்க முடியுமா? நண்பர்தான் ஏமாற்றினாரா? கடைசியாக ஒரு வரி: “எல்லாவற்றுக்கும் நானே சரி கொடுத்திருக்கிறேன். பேசாமல் விளையாட்டையே விட்டுவிடலாமா?”

தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பியிருந்தேன். அந்த நிபுணருக்கு எதையும் அனுப்பாதீர்கள்; அவர் கொடுத்த வரியை எங்கேயும் ஒட்டாதீர்கள்; கத்தி போய் ஏழு நாள் ஆவதற்குள் ட்ரேட் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். முகவரியைப் பார்த்தீர்கள். பூட்டைப் பார்த்தீர்கள். கடவுச்சொல்லோடு போன் கோடும் கேட்கும் இருகட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தீர்கள். தெரியாதவர் அனுப்பிய லிங்கை நீங்கள் தொடவில்லை. பாதுகாப்பு என்று இத்தனை வருடம் எங்களைப் போன்றவர்கள் என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தோமோ, அத்தனையும் செய்திருக்கிறீர்கள். நீங்கள் அதையெல்லாம் செய்வீர்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப விரித்த வலை இது. 2015 டிசம்பரில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்படுவதாக வெளிப்படையாக எழுதியது. விவரம் தெரியாத புதியவர்கள் மட்டும் இல்லை, தொழில்முறை வீரர்களும் நாள் முழுக்க ட்ரேட் செய்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. ஆகவே ‘நான் முட்டாள்’ என்ற எண்ணத்தை இங்கேயே இறக்கி வையுங்கள். அந்த எண்ணம்தான் அக்காவிடம் வாய் திறக்க விடாமல் உங்களைத் தடுக்கிறது. அந்த நிபுணருக்கும் அதுதான் முதலீடு.

அந்த நிபுணர் யார்?

கத்தி போன மறுநாளே ஒருவர் உங்களைத் தேடி வந்திருக்கிறார். நீங்கள் இழந்தது அவருக்கு எப்படித் தெரியும்? பொது இடத்தில் புலம்பியிருந்தால் அதைப் பார்த்து வந்திருக்கலாம். புலம்பவில்லை என்றால், எடுத்தவரோ அவருடைய கூட்டாளியோதான் வந்திருக்க வேண்டும். ஒருமுறை ஏமாந்தவர் பதற்றத்தில் இன்னொரு முறையும் கொடுப்பார் என்பது இவர்கள் கணக்கு. பொருளை மீட்டவர்கள் தனக்கு நன்றி சொன்னதாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளை நம்ப வேண்டாம். அதுபோல ஒன்றைத் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும்.

கிஃப்ட் கார்டாக ஏன் கேட்கிறார் என்று யோசித்தீர்களா? அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் கையில் இருந்த நோட்டைக் கொடுத்தது போலத்தான். யார் கைக்குப் போனது என்று கண்டுபிடிப்பதும், திரும்பப் பெறுவதும் மிகக் கடினம். நேர்மையாகத் தொழில் செய்யும் எவரும் கட்டணத்தை இப்படி வாங்குவதில்லை. இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன்: ஸ்டீமின் சர்வருக்குள் புகுந்து ஒரு பொருளை எடுத்துத் தரக்கூடிய வெளியாள் என்று யாரும் கிடையாது.

கட்டணத்தைவிட அந்த ‘ஒட்டு’ என்ற வேலைதான் என்னைப் பதற வைத்தது. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் வரும் சின்னப் பெட்டி, நீங்கள் எதை எழுதினாலும் அதைக் கணினிக்குக் கட்டளையாகக் கொடுத்துவிடும். அந்த வரி வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி ஓட வைக்கும். ‘நான் மனிதன்தான்’ என்று நிரூபிக்கச் சொல்லும் போலிப் பக்கங்களும் இதே வித்தையைத்தான் இப்போது செய்கின்றன. இறங்கும் நிரல் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று காட்டும் சிறு கோப்புகள்) சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும். லூமா, ரெட்லைன், விடார் என்று பல பெயர்களில் இவை வந்திருக்கின்றன. இதுவரை உங்களிடமிருந்து போனது ஒரு கணக்கின் சாவி. அந்த வரியை ஒட்டியிருந்தால் வீட்டுச் சாவிக்கொத்தே போயிருக்கும். ஒட்டாமல் நிறுத்தி, யாரிடமாவது கேட்போம் என்று எழுதினீர்களே, அதற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

நீங்கள் பார்த்த ஜன்னல்

“முகவரி சரியாகத்தான் இருந்தது” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் நீங்கள் பார்த்தது ஜன்னலே இல்லை, ஜன்னலைப் போல வரைந்த படம். மேல்பட்டை, பூட்டு, முகவரி, மூடும் குறி எல்லாமே அந்த வலைப்பக்கத்தின் உள்ளேயே வரையப்பட்டவை. பிரவுசருக்குள் ஒரு போலிப் பிரவுசர். 2022 மார்ச்சில் ஓர் ஆய்வாளர் இதை எப்படிச் செய்யலாம் என்று விளக்கிக் காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்டீம் கணக்குகளைத் திருட இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அதில் விவரித்த தூண்டிலும் கிட்டத்தட்ட உங்களுக்கு வந்ததுதான்: போட்டியில் சேர், பிடித்த அணிக்கு ஓட்டுப் போடு.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தச் சின்ன ஜன்னலின் மேல்பட்டையைப் பிடித்துப் பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான ஜன்னல் டெஸ்க்டாப் வரை தாராளமாக வரும். வரைந்த ஜன்னல் பக்கத்தின் ஓரத்தில் முட்டி நிற்கும், அல்லது ஓரத்துக்கு அடியில் போய் மறையும். பெரிய பிரவுசரைச் சுருக்கி டாஸ்க்பாரில் போட்டால், போலி ஜன்னலும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும்.

இன்னும் இரண்டு அடையாளங்களைச் சொல்கிறேன். அதே பிரவுசரில் நீங்கள் ஏற்கெனவே ஸ்டீமுக்குள் இருந்தால், உண்மையான ஸ்டீம் பக்கம் உங்கள் பெயரைக் காட்டி ‘இந்தக் கணக்கிலேயே தொடரலாமா’ என்றுதான் கேட்கும். மறுபடியும் கடவுச்சொல் கேட்டாலே கையை எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்களைச் சேமித்துத் தானே நிரப்பும் கடவுச்சொல் மேலாளர் ஆப் வைத்திருப்பவர்களுக்கு மற்ற அடையாளம். அது கண்ணால் பார்க்காது, பக்கத்தின் உண்மையான முகவரியைத்தான் பார்க்கும். வழக்கமாகத் தானே நிரப்புவது அன்று நிரப்பாமல் நின்றால், ‘இது ஏன் மக்கர் பண்ணுகிறது’ என்று நகலெடுத்து ஒட்டப் போகாதீர்கள்.

லிங்கின் முகவரியைக் கண்ணால் சரிபார்ப்பதும் முழுக்க நம்பக்கூடியது இல்லை. ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் போலவே இருக்கும். இரவு பதினோரு மணிக்கு, சின்னத் திரையில், பத்து நிமிடத்தில் முடியப்போகிறது என்ற அவசரத்தில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் நான் சொல்லும் பழக்கம் ஒன்றுதான்: செய்தியில் வந்த லிங்க் வழியாக எங்கேயும் லாகின் செய்யாதீர்கள். ஸ்டீம் வேண்டுமென்றால் ஸ்டீமை நீங்களே திறந்து போங்கள்.

கோடு இருந்தும் எப்படி உள்ளே வந்தார்கள்?

இருகட்டச் சரிபார்ப்பு இருந்தால் ஹேக் செய்ய முடியாது என்று நினைத்தேன் என்கிறீர்கள். இப்படி நினைக்காத ஆள் குறைவு. உங்கள் கடவுச்சொல் மட்டும் எங்கோ கசிந்திருந்தால், அந்தக் கோடு நிச்சயம் காப்பாற்றியிருக்கும். ஆனால் அன்று நீங்கள் போலிப் பக்கத்தில் தட்டத் தட்ட, மறுபக்கம் ஒரு நிரல் அதே நொடியில் உண்மையான ஸ்டீமில் அதைத் தட்டிக்கொண்டிருந்தது. கோடு அரை நிமிடம்தான் செல்லும் என்பது உண்மைதான். அவர்களுக்கு ஐந்து நொடி போதும்.

உள்ளே வந்தவர் உடனே எதையும் எடுக்கவில்லை. இப்படி நுழைகிறவர்கள் உங்கள் பெயரில் ‘ஏபிஐ கீ’ என்ற நிரல்களுக்கான சாவி ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் ட்ரேட்களை ஒரு நிரல் பார்க்கவும் ரத்து செய்யவும் அது அனுமதி தரும். நிரல் எழுதுகிறவர்களுக்காக உள்ள நல்ல வசதிதான். போனில் இரண்டாவதாக வந்த அனுமதி பெரும்பாலும் இதற்காகவே இருக்கும். பிறகு நான்கு நாள் காத்திருந்தார்கள். நீங்கள் நண்பருக்கு ட்ரேட் அனுப்பியதும் நிரல் அதை ரத்து செய்துவிட்டு, நண்பரின் பெயரையும் படத்தையும் மாட்டிக்கொண்ட வேறொரு கணக்குக்குப் புதிதாக ஒரு ட்ரேட்டைப் போட்டது. போனில் நீங்கள் ‘சரி’ கொடுத்தது இந்த இரண்டாவதற்கு. கையெழுத்து உங்களுடையதுதான், நடுவில் தாளை மாற்றிவிட்டார்கள்.

பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் நொடியில் மாற்றலாம். ஸ்டீம் லெவலையும், எவ்வளவு நாளாக நண்பர் என்ற விவரத்தையும் அப்படி மாற்ற முடியாது. போனில் உறுதி செய்யும்போது இனி பார்க்க வேண்டியது இவற்றை. மூன்று வருட நண்பரின் லெவல் ஒன்றோ இரண்டோ என்று இருந்தால் அவர் உங்கள் நண்பர் இல்லை.

கத்தி திரும்ப வருமா?

‘போன பொருளை ஸ்டீம் திருப்பித் தராது’ என்று நீங்கள் படித்தது பாதி சரி. ட்ரேட் மூலம் வெளியே போன பொருளை ஸ்டீம் உதவிப் பிரிவு மீட்டுத் தருவதில்லை. அது அவர்கள் அறிவித்த கொள்கை. ஆனால் 2025 ஜூலையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு ‘ட்ரேட் பாதுகாப்பு’ என்ற ஏற்பாடு வந்தது. ட்ரேட் ஆன பொருள் ஏழு நாள் வரை வாங்கியவரிடம் கட்டுப்பட்டே இருக்கும். வேறு கணக்குக்கு மாற்றவோ விற்கவோ முடியாது. அந்த ஏழு நாளுக்குள் நீங்களே உங்கள் ட்ரேட் வரலாற்றிலிருந்து அதைத் திருப்பலாம். அதற்காகத்தான் நாளைக் குறிப்பிட்டு அன்றே எழுதினேன்.

திருப்புவதற்கு ஒரு விலை உண்டு. ஒரு ட்ரேட்டை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஏழு நாளில் பாதுகாப்பில் இருக்கும் எல்லா ட்ரேட்களும் சேர்ந்து திரும்பும். அதன்பின் 30 நாள் உங்களால் ட்ரேட் செய்யவோ சந்தையில் விற்கவோ முடியாது. இடையில் வேறு யாருடனாவது நேர்மையாக ட்ரேட் செய்திருந்தால் அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் உங்களை மோசடிக்காரர் என்று நினைப்பார். நாளுக்குள் பார்க்காமல் போயிருந்தால், வருத்தமாகத்தான் இருக்கிறது, கத்தியை மறந்துவிட வேண்டியதுதான். மீட்டுத் தருகிறேன் என்று அடுத்து எவர் வந்தாலும் பேச்சே கொடுக்காதீர்கள்.

வங்கி பற்றிக் கேட்டீர்கள். கத்தியை வாங்கிய பணம் நீங்கள் விரும்பிச் செலுத்தியது; அந்த விற்பனையில் எந்த மோசடியும் இல்லை. ‘நான் வாங்கவேயில்லை’ என்று வங்கியில் மறுத்தால் அது பொய் உரிமைகோரல் ஆகிவிடும். போதாததற்கு, இப்படி மறுக்கப்படும் கட்டணம் வந்தால் ஸ்டீம் கணக்கையே கட்டுப்படுத்திவிடும். வாங்கியிருக்கும் எல்லா விளையாட்டும் அந்தக் கணக்கில் இருக்கிறது, மறக்க வேண்டாம். ஆனால் நீங்கள் செய்யாத புதிய செலவு ஏதாவது அட்டையில் இருந்தால் நிலைமை வேறு. அதை உடனே வங்கியில் சொல்லி மறுப்பது அக்காவின் உரிமை. அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

பூட்டை மாற்றும் வரிசை

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை, தம்பி. மின்னஞ்சல் இன்னும் பழைய கடவுச்சொல்லில் இருக்கிறது. ஏபிஐ கீ அப்படியே இருக்கலாம். இவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம்.

1. மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாக் கணக்கின் ‘மறந்துவிட்டேன்’ கடிதமும் அங்கேதான் வரும். வேறெங்கும் பயன்படுத்தாத புதிய கடவுச்சொல் வையுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அமைப்புகளில் வடிகட்டி, தானியங்கி முன்னனுப்பல் என்ற இடங்களைத் திறந்து பாருங்கள். ஸ்டீமிலிருந்து வரும் எச்சரிக்கைக் கடிதங்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்றைத் திருடர்கள் போட்டு வைப்பதுண்டு. பலர் மாதக்கணக்கில் அதைக் கவனிப்பதே இல்லை.

2. அடுத்து ஸ்டீம். அமைப்புகளில் எல்லாச் சாதனங்களின் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். ஏபிஐ கீ பக்கத்தைத் திறந்து, நீங்கள் எடுக்காத கீ இருந்தால் நீக்குங்கள். மற்றவர்கள் உங்களுக்கு ட்ரேட் அனுப்பப் பயன்படும் ட்ரேட் லிங்கைப் புதிதாக உருவாக்குங்கள். கடவுச்சொல்லை இன்னொரு முறை மாற்றுங்கள். போன் ஆப்பின் மீட்புக் கோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

3. டிஸ்கார்டின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மாற்றினாலே மற்ற இடங்களில் திறந்திருக்கும் எல்லா லாகினும் மூடிவிடும்.

சேமித்த அட்டையை எடுத்துவிடுவது இதற்கெல்லாம் நடுவில் ஒரு நிமிட வேலை. அட்டையின் முழு எண் திருடருக்குத் தெரியாது. ஆனால் கணக்கின் உள்ளே இருந்தபடி எதையாவது வாங்கப் பார்க்கலாம்.

உங்கள் கணினியில் வைரஸ் இருக்குமா என்ற பயத்துக்கு: நீங்கள் எந்தக் கோப்பையும் இறக்கி ஓட்டவில்லை என்றால் பெரும்பாலும் இருக்காது. ஒருமுறை முழுதாக ஸ்கேன் செய்துவிடுங்கள், போதும். உங்கள் நண்பருடைய கதை வேறு.

நண்பர் சொன்னது உண்மையாக இருக்கலாம்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவர் எப்போதும் ‘மச்சி’ என்றுதான் தொடங்குவார், நீங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதே இல்லை என்று. அன்று வந்தது ‘ஹே ப்ரோ’. அந்தச் செய்தியை எழுதியவருக்குத் தமிழே தெரியாது, தம்பி. உங்கள் நண்பரின் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அது ஒரே நேரத்தில் போயிருக்கும்.

‘என் நண்பன் ஒரு கேம் செய்திருக்கிறான், ஆடிப் பார்த்துச் சொல்’ என்று யாரோ அனுப்பிய கோப்பை ஒரு வாரம் முன்பு ஓட்டினேன் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிஸ்கார்டில் இது மிகவும் பரவலான மோசடி. நான் முன்பு சொன்ன அள்ளும் நிரல்தான் அந்தக் கோப்பில் இருக்கும். அது கடவுச்சொல்லைக்கூடக் கேட்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் என்பதற்கு அடையாளமாகப் பிரவுசரும் ஆப்பும் வைத்திருக்கும் குக்கீயையும் டோக்கனையும் எடுத்துப் போய்விடும். அதை வைத்து நுழைபவரிடம் கோடு எதுவும் கேட்காது. அவர் உங்களைவிடப் பெரிய சிக்கலில் இருக்கிறார். ஸ்கேன் மட்டும் அவருக்குப் போதாது. கணினியைச் சுத்தமாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே நல்லது. கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு சாதனத்திலிருந்து மாற்றச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் திருடனுக்குப் போகும். நீங்கள் திட்டியதற்குப் பிறகு அவருக்குப் போன் செய்வது சங்கடமாக இருக்கும்தான். இருந்தாலும் செய்யுங்கள், எழுத்தில் வேண்டாம், குரலில் பேசுங்கள். அந்த டிஸ்கார்ட் கணக்கு இன்னும் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இனிமேல் லிங்கோ கோப்போ வந்தால், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு “நீதானா அனுப்பின?” என்று கேட்டுவிடுங்கள். க்யூஆர் கோடாக வந்தாலும் இதேதான். டிஸ்கார்ட் ஆப்பால் அதை ஸ்கேன் செய்து ‘சரி’ கொடுத்தால், அவர்களுடைய கணினியில் உங்கள் கணக்கு திறந்துவிடும்.

அக்காவிடம் சொல்வது

இதைத்தான் நீங்கள் அதிகம் தள்ளிப்போடுகிறீர்கள் என்று தெரிகிறது. சட்டப்படி அட்டை அக்காவுடையது. அதில் சந்தேகமான செலவு வந்தால் வங்கியிடம் பேசக்கூடியவர் அவர் மட்டும்தான். நீங்கள் சொல்லாத ஒவ்வொரு நாளும் அவருடைய நேரம் கழிகிறது. இது நடைமுறைக் காரணம். மற்றொன்றும் இருக்கிறது. கேமிங் மோசடியில் சிக்கி என்னிடம் வரும் இளைஞர்களில் அதிகமாக இழந்தவர்கள், முதல் இழப்பை வீட்டில் மறைத்து, அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டப் பார்த்தவர்கள்தான். மறைக்கும் அவசரத்தில்தான் ‘நிபுணர்’ கேட்டதையெல்லாம் கொடுக்கிறார்கள்.

பெரிய விளக்கம் வேண்டாம். “அக்கா, என் கேம் அக்கவுன்ட்டை ஏமாற்றி எடுத்துட்டாங்க. உன் கார்டு அதுல சேவ் ஆகியிருந்தது, நான் எடுத்துட்டேன். புதுசா ஏதாவது செலவு காட்டுதான்னு ஒரு தடவை பாரு” என்றால் போதும். கோபப்படலாம். கோபம் இரண்டு நாள். அட்டை விவரத்தை அவரே கண்டுபிடித்துக் கேட்கும் நிலை அதைவிட மோசம்.

காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘விளையாட்டுப் பொருள்தானே’ என்று யாராவது சொன்னாலும் தயங்காதீர்கள். அனுமதியின்றிக் கணக்கில் நுழைந்ததும், ஏமாற்றிப் பொருளை வாங்கியதும்தான் புகார். கத்தியை எடுத்த கணக்கின் பெயரைக் குறித்துப் பயனில்லை, அது அன்றே மாறியிருக்கும். ஒவ்வொரு ஸ்டீம் கணக்குக்கும் மாறாத 17 இலக்க எண் ஒன்று உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரேட் நடந்த நேரம், டிஸ்கார்ட் உரையாடல், நிபுணர் அனுப்பிய வரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்து முடிக்கும் வரை அவரை பிளாக் செய்ய வேண்டாம், பதிலும் போட வேண்டாம்.

விளையாட்டை விடுவது பற்றி: படிப்பையோ தூக்கத்தையோ அது கெடுக்கிறது என்றால் அது தனிப் பேச்சு, அதையும் பேசலாம். ஒருவன் உங்களை ஏமாற்றினான் என்பதற்காக, ஆறேழு வருடம் நீங்கள் ஆசையாகச் செய்ததை விட வேண்டாம். ஆடுங்கள். இலவச ஸ்கின், இலவச டைமண்ட், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் சீட் கோப்பு (விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிக்க வைக்கும் நிரல்), பாதி விலைக்கு யாரோ விற்கும் கணக்கு, இவற்றின் பக்கம் மட்டும் போக வேண்டாம். விலைக்கு வாங்கிய கணக்கை, பழைய ரசீதைக் காட்டி முதல் உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். விற்பது வாங்குவது இரண்டுமே பெரும்பாலான விளையாட்டுகளின் விதிகளுக்கு எதிரானது என்பதால், நிறுவனமும் உங்கள் பக்கம் நிற்காது. மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ வைத்துக்கொள்ளுங்கள்; கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் போனோ கணினியோ திறக்கும் சாவி அது. கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டிலும் இருக்கிறது. உண்மையான முகவரியில் மட்டும்தான் அது வேலை செய்யும் என்பதால், எவ்வளவு தத்ரூபமாக ஜன்னல் வரைந்தாலும் அதை வாங்க முடியாது.

ஏபிஐ கீ பக்கத்தில் என்ன இருந்தது, மின்னஞ்சல் வடிகட்டியில் ஏதாவது விதி இருந்ததா என்று பார்த்து எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். கடவுச்சொல்லையோ கோடையோ அதில் எழுதிவிடாதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அக்காவிடம் பேசியதும் அதையும் எழுதுங்கள்.